அகலப்படுத்திய வளைவு

ரோட்டோரம் உட்கார்ந்து வண்டி எண்ணுவதெல்லாம் ஒரு வேலையா என்று என் அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் கடலையும் சோளமும் போட்டு என்னை சிவில் டிப்ளமோ படிக்க வைத்த மனுஷன். மகள் பாலத்துச் சுவர்மேல் உட்கார்ந்து போகிற வருகிற லாரிக்கெல்லாம் கோடு போடுகிறாள் என்பது அவருக்குப் பெரிய மானக்கேடு. "இதுக்கு டீக்கடை பெஞ்சே போதுமே கண்ணு" என்பார். "பெஞ்சுல உக்காந்தா சம்பளம் தரமாட்டாங்கப்பா" என்பேன் நான். எங்கள் வீட்டில் வாய் யாருக்கும் குறைச்சலில்லை.

நாமக்கல்லில் ஒரு சின்ன கன்சல்டன்சி ஆபீஸில் எனக்கு வேலை. முதலாளி, இன்ஜினியர், டீ சொல்லி அனுப்புகிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். தொண்ணூற்றெட்டு வாக்கில் ஒரு கம்பெனிக்காரர் கொல்லிமலையில் ஹோட்டல் கட்ட இடம் பார்த்தார். வளப்பூர் நாட்டுப் பக்கம் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு), அருவிக்குப் போகிற ரோட்டில். மலைமேல் பெரிய கட்டடம் என்றால் அனுமதிக்கு ஏகப்பட்ட காகிதம் வைக்க வேண்டும். ஹோட்டல் வந்தால் ரோட்டில் எவ்வளவு வண்டி கூடும், ரோடு அதைத் தாங்குமா, தாங்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு அறிக்கையும் கேட்டிருந்தார்கள். அது எங்கள் ஆபீஸுக்கு வந்தது. மலைக்குப் போக வேறு ஆள் இல்லாததால் என்னிடம் வந்தது.

வேலை சுலபம்தான். இப்போது ஓடுகிற வண்டியை முதலில் எண்ண வேண்டும். ஹோட்டலின் அறைகளைப் பார்த்து இனி வரப்போகிற வண்டியை உத்தேசமாகச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்ற வேண்டும். பஸ் என்றால் மூன்று கார். லாரியும் அப்படியே. மோட்டார் சைக்கிள் என்றால் பாதிக் கார். நடந்து போகிறவனுக்குக் கணக்கில் இடமில்லை. தலையில் பலாப்பழமும் இடுப்பில் குழந்தையுமாக ஏறிப் போகிற பெண் எங்கள் கணக்கில் பூஜ்யம்.

கீழிருந்து முதல் பஸ்ஸில் ஏறுவேன். வளைவுக்கு வளைவு பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வருவார்கள். நான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு சாமியைக் கும்பிட்டபடி வருவேன். மேலே போய் வேறு பஸ் மாறி, ஹோட்டல் வரப்போகும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் இறங்கிக்கொள்வேன். அந்த ரோட்டிலேயே அதுதான் மோசமான வளைவு. ஒரு பஸ் போனால் பக்கத்தில் ஆள்கூட நிற்க முடியாது. ஒரு பக்கம் சரிவு. மறு பக்கம் கல் அடுக்கிய வரப்பு, அதன்மேல் ஒரு காட்டுத் துண்டு; விளைநிலத்தைத்தான் எங்கள் பக்கம் காடு என்போம். வரப்பை ஒட்டி ஒரு பலா மரமும் அதில் மிளகுக் கொடியும் இருந்தன. மரம் மறைத்ததால் மேலிருந்து வருகிறவனுக்குக் கீழே என்ன வருகிறது என்று தெரியாது. அதனால் எல்லா டிரைவரும் தூரத்திலிருந்தே ஹார்ன் அடித்துக்கொண்டு ஊர்ந்துதான் வருவார்கள்.

வண்டி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பஸ், ஜீப், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி, எப்போதாவது அருவிக்குப் போகிற ஒரு கார். இதற்கு நடுவில் கொட்டாவிதான். மூடுபனி வந்தால் எழுதுகிற காகிதமே நமத்துவிடும்.

காட்டுத் துண்டுக்குச் சொந்தக்காரர்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். புருஷனுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு குறைவு. அந்த அக்கா நேர் எதிர். முதல் நாளே வரப்பின்மேல் நின்றுகொண்டு கேட்டார்.

"ஏனுங்கம்மிணி, படிச்சுப்போட்டு வண்டிய எண்ணிக்கிட்டா உக்காந்திருக்கறீங்க?"

"ஆமாங்கக்கா."

"எங்கூட்டுல ஆடு இருக்குதுங்க. அதையும் எண்ணிக் குடுத்துட்டுப் போனீங்கன்னா புண்ணியமாப் போகும்."

அன்றிலிருந்து மதியச் சோறு அவரோடுதான். நான் கொண்டுபோன புளிசோற்றைப் பாதி வாங்கிக்கொண்டு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தருவார். அவருக்கு ஒரு பெண் குழந்தை. எப்போதும் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் உச்சிப் பொழுதில், வளைவுக்குக் கீழே இருந்த ஒற்றையடிப் பாதையில் நாலைந்து ஆண்கள் ஏறி வந்தார்கள். மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி, அந்தத் தூளியில் ஒரு பெரியவரைத் தூக்கி வந்திருந்தார்கள். பாம்பு கடித்துவிட்டது. அவர் கால் வீங்கி நிறம் மாறியிருந்தது. அவர்கள் ஓரமாக நிற்கவில்லை. நேரே ரோட்டின் நடுவில், வளைவின் முனையில், தூளியை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

எனக்கு உயிரே போய்விட்டது. "ஏனுங்கண்ணா, வண்டி வந்தா மேல ஏத்திருவாங்க, ஓரமா வைங்க" என்று கத்தினேன். யாரும் அசையவில்லை. ஒருவர் மட்டும், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல, "வரட்டுமுங்க" என்றார்.

மேலே ஹார்ன் சத்தம் கேட்டது. கிழங்கு லாரி ஒன்று ஊர்ந்து திரும்பியது. தூளியைப் பார்த்ததும் நின்றது. டிரைவர் எதுவும் கேட்கவில்லை. கிளீனரை மூட்டைமேல் ஏறச் சொன்னார். பெரியவரை முன் சீட்டில் படுக்க வைத்தார்கள். கூட ஒருத்தர் தொற்றிக்கொண்டார். லாரி போய்விட்டது. மிச்சப் பேர் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே இறங்கினார்கள்.

அக்கா மேலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இதுக்கே இப்படிப் பயந்துட்டீங்களா? நான் இங்கதானுங்க படுத்திருந்தேன். இவ வயித்துல குறுக்க மாட்டிக்கிட்டா. நல்ல மழை. முதுகுக்கடியில தண்ணி ஓடுது. எனக்கு வலி தெரியலீங்க, ஒரே குளிருதான். பஸ்ஸு வந்துச்சு. அத்தன சனத்தையும் பின்னால ஒதுங்கச் சொல்லி, கீழ ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எங்கயும் நிறுத்தாம கொண்டுட்டுப் போனாரு டிரைவரு. எறங்க வேண்டியவங்க எல்லாம் எங்கூடவே வந்துட்டாங்க."

"ஓரமா நின்னு கை காட்டுனா நிறுத்த மாட்டாங்களா?"

"கை காட்டுனா நிறுத்தலாம், போகலாம். அது அவங்க மனசு. நடுவுல இறக்கிட்டா அவங்களையும் கேக்க வேண்டியதில்ல, நாமளும் கெஞ்ச வேண்டியதில்ல பாருங்க."

அந்தப் பக்கத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் வழக்கம் இதுதான். பிரசவமோ பாம்புக்கடியோ மரத்திலிருந்து விழுந்த கேஸோ, தூளி அந்த வளைவுக்குத்தான் வரும். மற்ற இடங்களில் வண்டி வேகமாக வரும். இங்கே வர முடியாது. ரோடு குறுகல், தூளியைத் தாண்டி ஒரு சைக்கிள்கூடப் போகாது. மலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். எந்த வண்டி முதலில் வருகிறதோ அது ஆம்புலன்ஸ்.

ஆபீஸுக்கு வந்து அறிக்கையில் இதற்கென்று ஒரு பத்தி எழுதினேன். ஹோட்டலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது, வேகமாக வந்து மோதிவிடுவார்கள், அதனால் ஹோட்டல் தன் செலவில் ஒரு ஜீப்பை நோயாளிகளுக்காக நிறுத்திவைக்க வேண்டும் என்று எழுதினேன். முதலாளி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தூளிக்கு எத்தனை கார்னும்மா கணக்குப் போடறது?"

அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. பிறகு அவரும் நிதானமாகவே பேசினார். ரோட்டை மறிப்பது குற்றம். அதைப் போய் நாமே எழுதிக் கொடுத்தால் அந்த ஜனங்களை மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். அந்த வளைவை அகலப்படுத்தி, மறைக்கிற மரத்தை எடுத்துவிட்டால் யாரும் யார்மேலும் மோத மாட்டார்கள். அதைத்தான் எழுதப் போகிறோம், கம்பெனியும் செலவை ஏற்கத் தயார். "ரோடு அகலமானா யாருக்காவது கெடுதல் உண்டா, சொல்லு பார்ப்போம்" என்றார். ஜீப்பாவது இருக்கட்டும் சார் என்று அன்று சாயங்காலம்வரை மல்லுக்கு நின்றேன். அந்தப் பத்தி போய்விட்டது. வளைவு அகலப்படுத்துதல் என்பது மட்டும் தடித்த எழுத்தில் நின்றது. நான் கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

அகலப்படுத்த வேண்டிய இடம் அக்காவின் புருஷனான அந்த அண்ணனுடைய காட்டில் வந்தது. அவர் சம்மதித்தால்தான் ஆகும். அளக்கிறவர்களோடு நானும் போனேன். தகராறு வரும், வந்தால் நல்லது என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை எனக்கு. மலைக்காரர்கள் இடத்தை லேசில் விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ரோட்டுக்கு என்று எழுதிக் கொடுத்தார். பணமும் வேண்டாம் என்றுவிட்டார். மிளகுக் கொடியை மட்டும் அறுப்பு முடிந்து எடுக்கச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "எதுக்குங்கண்ணா சும்மா குடுக்கறீங்க? யோசிச்சுத்தான் செய்யறீங்களா?" என்று கேட்டேன்.

"யோசிச்சுட்டேனுங்க" என்றார். "அன்னைக்கி இவள இறக்கி வெச்சுட்டு பஸ்ஸு வர்ற வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு வண்டி இல்லீங்க அந்த ரோட்டுல. காத்துக் காத்துக் கண்ணு பூத்துப்போச்சு. ஓட்டலு வந்தா வண்டி வந்துக்கிட்டே இருக்கும்னு சொல்றாங்க. இறக்குன உடனே ஒண்ணு கிடைச்சிருமில்லீங்களா?"

அக்காவும் பின்னாலேயே வந்திருந்தார். "காருல போறதுன்னா இன்னொண்ணு கூடப் பெத்துக்கலாமுங்க" என்றார். அவருடைய புருஷன் வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் சிரித்தேன். அண்ணன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. வண்டி கூடினால் வண்டி கிடைப்பதும் கூடும். கூட்டல் கணக்குத்தானே.

மரம் போனது. வரப்பு போனது. ஹோட்டலும் வந்தது. நான் வேறு வேலைகளில் வேறு ரோடுகளின் ஓரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த ஹோட்டல் இன்னொரு கட்டடம் கட்ட விரும்பியது. மறுபடியும் அறிக்கை. மறுபடியும் நான்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது எனக்கு இடமே பிடிபடவில்லை. இரண்டு கார் தாராளமாகப் போகும் அகலத்தில் தார் போட்டிருந்தார்கள். சரிவுப் பக்கம் கறுப்பு வெள்ளை அடித்த கட்டைச் சுவர். ஞாயிற்றுக்கிழமை. காரும் வேனுமாக வந்துகொண்டே இருந்தன. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. அடிக்கத் தேவையே இல்லை, எல்லாம்தான் தெரிகிறதே. கோடு போட்டுப் போட்டு என் கை வலித்தது. வளைவு நன்றாக வேலை செய்கிறது என்று ஒரு திருப்திகூட வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

மதியம் அந்த அண்ணன் வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மெலிந்திருந்தார்.

"அக்கா ஊட்டுல இருக்காங்களாங்கண்ணா? ஆட்ட எண்ணிக் குடுக்க வந்திருக்கேன்னு சொல்லுங்க."

"அவ இல்லீங்கம்மிணி. தவறிட்டா. போன ஆடியில."

பிறகு அவரே சொன்னார்.

இரண்டாவது பிரசவம். வலி வந்து ரத்தம் நிற்கவில்லை. தூளியில் தூக்கி வந்தார்கள். ஆடிப் பண்டிகைக் கூட்டம், ரோட்டில் வண்டிக்குப் பஞ்சமில்லை. வழக்கம்போல நடுவில் இறக்கினார்கள். முதல் கார் வேகத்தைக் குறைத்தது. பிறகு தூளிக்கு இந்தப் பக்கமாக, முன்பு பலா மரம் நின்ற இடத்தின் வழியாக, ஒதுங்கிப் போய்விட்டது. அதன் பின்னால் வந்ததும் அப்படியே போனது. தூளியை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்கள். வண்டிகள் அந்தப் பக்கம் போயின. கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்கள். காசு பறிக்கிற கும்பல் என்று நினைத்தார்களோ என்னவோ, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேகமெடுத்தார்கள். ஒரு வேன் மட்டும் நின்றது. அதிலிருந்தவர் இறங்கிவந்து, போர்வையில் ஊறியிருந்ததைப் பார்த்துவிட்டு, பின்னால் வருகிற வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். ஹோட்டலுக்கு ஓடிய ஆளை வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தான். மேனேஜர் வரவேண்டுமாம்.

"அவளுக்கு நெனவு இருந்துச்சுங்க. ஒவ்வொரு காரு சத்தத்துக்கும் கண்ணத் தொறந்து பாத்தா. போயிருச்சான்னு கேப்பா. அடுத்தது வருதுன்னு நான் சொல்லுவேன்."

கடைசியில் கீழே போகிற பஸ் வந்தது. டிரைவர் தூளியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஏற்றவில்லை. ஏற்ற ஒன்றுமில்லை. வயிற்றில் இருந்ததும் அவளோடு போய்விட்டது.

நான் அழுதேன். அவர் அழவில்லை. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. முதலாளிமேல், அந்தக் கார்க்காரர்கள்மேல், பணம்கூட வாங்காமல் இடத்தைக் கொடுத்த இந்த மனுஷன்மேல். வெளியூர்க்காரர்கள் மோதிவிடுவார்கள் என்றுதான் நான் பயந்திருந்தேன். ஒதுங்கிப் போவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முன்பு நின்ற டிரைவர்கள் எல்லாம் தங்கமான மனுஷர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் ஒதுங்கிப் போக இடம் இருந்திருந்தால் எத்தனை பேர் நின்றிருப்பார்களோ, தெரியாது. இப்போது அந்த அகலம் இருந்தது. அந்தத் துண்டு நிலம்தான் அந்த அகலம்.

"இப்பெல்லாம் தூளி எடுத்தா, கல்லு தூக்கறதுக்குன்னு தனியா ஆளு வருதுங்க" என்றார் அவர். "ரோட்டுக்குக் குறுக்க அடுக்கித்தான் இறக்கறோம். போன தடவ யாரோ போலீசுல எழுதிக் குடுத்துட்டாங்க, ரோட்ட மறிக்கறோம்னு. வந்து கல்ல எடுத்துப் போட்டுட்டு, இனிமே வெச்சா உள்ள போட்டுருவோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

பிறகு என் மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, ரோடு அகலமானது நீங்க எழுதிக் குடுத்துத்தானுங்களே?"

"எங்க ஆபீஸ்லதாங்கண்ணா."

"பழையபடி குறுக்கச் சொல்லி எழுத முடியுமுங்களா? எனக்கு எடமெல்லாம் வேண்டாமுங்க. அவங்களே வெச்சுக்கட்டும். ரோடு மட்டும் முன்ன இருந்த மாதிரி ஆயிட்டாப் போதும்."

இத்தனை வருஷ வேலையில், ரோட்டை அகலமாக்கு என்று மனு கொடுத்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். குறுக்கு என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். பார்க்கிறேன், சொல்கிறேன் என்று மழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"முடியாதுங்கண்ணா" என்றேன். "ஒருக்கா அகலமாக்குனா திரும்பக் குறுக்க மாட்டாங்க. நான் எழுதினாலும் கோடு போட்டு அடிச்சுருவாங்க."

"செரிங்க" என்று எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். போகத் திரும்பியவர், நான் தப்பாக எடுத்துக்கொண்டேனோ என்று நினைத்தவர்போல நின்றார்.

"எங்கூருல இப்ப ரெண்டு புள்ளைங்க முழுகாம இருக்குதுங்க. அதுக்காகத்தானுங்க கேட்டேன்."